வல்லெட்டாவில் அரை நாள்: கப்பலில் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மத்தியதரைக் கடலில் குரூஸ் போகிறவர்களின் பயண அட்டவணையில் ரோம், பார்சிலோனா, சான்டோரினி போன்ற பெரிய பெயர்களுக்கு நடுவே ‘வல்லெட்டா, மால்டா’ என்று ஒரு வரி அடிக்கடி வரும். கப்பல் காலை எட்டு மணி வாக்கில் வந்து, மதியமோ சாயங்காலமோ கிளம்பிவிடும். பலர் அந்த ஊரைப் பற்றி ஒன்றும் படிக்காமலே வந்து இறங்குகிறார்கள். அது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மத்தியதரைத் துறைமுகங்களில் இவ்வளவு குறைந்த நடையில் இவ்வளவு வரலாற்றைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடங்கள் மிகச் சில. கையில் இருக்கும் நாலைந்து மணி நேரத்தை எப்படிச் செலவிடலாம் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அரை நாளில் வல்லெட்டாவைப் பார்த்துவிட முடியுமா?

ஊரைச் சுற்றிவிட முடியும். வல்லெட்டா ஒரு கிலோமீட்டர் நீளமும் அதில் பாதிக்குச் சற்று மேல் அகலமும் கொண்ட நிலமுனை. இருபுறமும் துறைமுகம். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நிதானமாக நடந்தாலும் இருபது நிமிடம்தான். ஆனால் உள்ளே நுழைந்து பார்க்க வேண்டிய கட்டடங்கள் ஏராளம். எல்லாவற்றுக்குள்ளும் போக நினைத்தால் ஒன்றும் மனதில் தங்காது.

என்னைக் கேட்டால் இரண்டே இரண்டு காரியம். ஒன்று, புனித யோவான் பேராலயத்துக்குள் குறைந்தது ஒன்றரை மணி நேரம். இன்னொன்று, படகில் துறைமுகத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போய் வருவது. மீதி நேரம் தெருவில் நடக்க, டீ காபி குடிக்க. மால்டா முழுவதையும் நாலு மணி நேரத்தில் பஸ்ஸில் சுற்றிக் காட்டும் டூர்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. சின்னத் தீவுதான், ஆனால் சாலையில் வண்டிகள் நெருக்கியடிக்கும். அரை நாளில் பாதி ஜன்னலோரத்திலேயே கழிந்துவிடும்.

கப்பல் எங்கே நிற்கும்? சிறு படகில் மாறி இறங்க வேண்டுமா?

வேண்டாம். கப்பல் நேரே கரையை ஒட்டியே நிற்கும். கிராண்ட் ஹார்பர் என்ற இயற்கைத் துறைமுகத்தின் உள்ளே, ஊர் மதிலுக்குக் கீழேயே குரூஸ் முனையம். இறங்கினால் கண்ணில் படும் நீளமான பழைய கிடங்கு வரிசை, 1752-ல் கிராண்ட் மாஸ்டர் பின்டோ (அப்போது தீவை ஆண்ட நைட்டுகள் சபையின் தலைவர்) கட்டியது. இப்போது உணவகங்களும் கடைகளுமாக இருக்கிறது. கதவுகளுக்குப் பல வண்ணம் அடித்திருக்கிறார்கள், அழகாக இருக்கும். ஆனால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டாம். ஊர் மேலே இருக்கிறது.

கப்பல் உள்ளே நுழைவதைப் பார்க்க விடியற்காலையில் எழ வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. அலாரம் வைத்து எழுந்துவிடுங்கள். அலைதாங்கிச் சுவர்களுக்கு நடுவே கப்பல் நுழையும்போது வலப்பக்கம் செயின்ட் எல்மோ கோட்டையும் வல்லெட்டாவின் மதில்களும் வரும். இடப்பக்கம் ரிக்காசோலி கோட்டை, அதற்கு அப்பால் செயின்ட் ஏஞ்சலோ கோட்டை. எல்லாம் அதே தேன் நிறச் சுண்ணாம்புக் கல். பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று சட்டெனப் பிரித்துச் சொல்ல முடியாது. பாறையையே வெட்டிச் செதுக்கி மதிலாக்கியிருக்கிறார்கள். எந்த டூருக்கும் பணம் கட்டாமல் கிடைக்கும் காட்சி இது. முன்தளத்திலோ வலப்பக்கத்திலோ நின்றுகொள்ளுங்கள். எப்போது நுழையும் என்று முந்தின நாள் இரவே வரவேற்பு மேசையில் கேட்டு வையுங்கள். கரையைத் தொடும் நேரத்துக்கு முக்கால் மணி முன்னால் மேலே போய்விட்டால் தவறவிட மாட்டீர்கள்.

முனையத்திலிருந்து ஊருக்குள் எப்படி ஏறுவது?

வெளியே வந்து கடலை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் பராக்கா லிஃப்ட் வரும். 58 மீட்டர் உயரம், 2012-ல் திறந்தது. அதே இடத்தில் 1905 முதல் 1973 வரை ஒரு பழைய லிஃப்ட் ஓடியது. அரை நிமிடத்துக்குள் மேலே அப்பர் பராக்கா தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். சிறிய கட்டணம்தான்.

ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பெரிய கப்பல்கள் வந்திருந்தால் லிஃப்ட்டுக்கு வரிசை நீளும். எட்டரைக்குள் போனால் தொல்லை இல்லை. மூவாயிரம் பேர் காலை உணவை முடித்துவிட்டு ஒன்றாக இறங்கும் ஒன்பதரை, பத்து மணிதான் மோசம்.

கப்பல் கம்பெனியின் டூரா, சொந்தமாகப் போவதா?

வல்லெட்டாவுக்குள் மட்டும் சுற்றுவதானால் சொந்தமாகவே போகலாம். கப்பல் பெரும்பாலும் கண் பார்வையிலேயே இருக்கும், வழி தவற வாய்ப்பில்லை, எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள். ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று.

கப்பல் டூரின் உண்மையான பலன் ஒன்றுதான். அவர்கள் ஏற்பாடு செய்த வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு விமானம் பிடித்துப் போக வேண்டியதுதான். ஆகவே எம்தினா மாதிரி தள்ளியிருக்கும் இடத்துக்குப் போவதானால் அந்தப் பாதுகாப்புக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. காலால் நடந்து திரும்பக்கூடிய ஊருக்கு அது வீண் செலவு.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு அரை நாள் இறங்கவும் விசா வேண்டுமா?

வேண்டும். மால்டா 2007 டிசம்பரிலிருந்து, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட்காரர்களுக்குக் குறுகிய காலத் தங்கலுக்கு விசா தேவையில்லை.

கவனிக்க வேண்டிய இடம் வேறு. உங்கள் கப்பல் இத்தாலியில் கிளம்பி, நடுவில் துருக்கிக்கோ துனீசியாவுக்கோ மாண்டிநீக்ரோவுக்கோ போய்விட்டு மால்டா வந்தால், நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள் என்று அர்த்தம். ஒருமுறை நுழைவு விசா இருந்தால் சிக்கல். விண்ணப்பிக்கும்போதே முழுப் பயண அட்டவணையையும் இணைத்துப் பல முறை நுழைவு விசா கேளுங்கள். கப்பலின் விசா விதிகளையும் டிக்கெட் போடும் முன்பே படித்துவிடுங்கள். துறைமுகத்தில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்பவர்களுக்கும் விசா இல்லாவிட்டால் ஏறவே அனுமதி கிடைக்காமல் போகலாம்.

கப்பல் நேரம், ஊர் நேரம் என்கிறார்களே, என்ன குழப்பம் அது?

கிரேக்க நேரம் மால்டா நேரத்தைவிட ஒரு மணி முன்னால் இருக்கிறது. கிரேக்கத் தீவுகளிலிருந்து வரும் கப்பல் சில சமயம் கடிகாரத்தை மாற்றும், சில சமயம் மாற்றாது. உங்கள் போனோ கரையிறங்கியதும் தானாகவே மால்டா நேரத்துக்கு மாறிவிடும். கப்பலில் மதியம் 1:30-க்குள் திரும்பச் சொல்லியிருந்தால் உங்கள் போனில் அப்போது 12:30 ஆகியிருக்கும். சாவகாசமாக உட்கார்ந்து பாஸ்டிட்ஸி என்ற உள்ளூர்ப் பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தால் கதை முடிந்தது. சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொண்டு இறங்குங்கள். கதவு மூடும் நேரம் என்று அச்சடித்திருப்பது கிளம்பும் நேரத்துக்கு அரை மணியாவது முன்னதாக இருக்கும், அதுதான் உங்களுக்கான நேரம்.

நைட்டுகள், நைட்டுகள் என்று எங்கே பார்த்தாலும் வருகிறதே, யார் இவர்கள்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் வல்லெட்டாவில் நடப்பது பாதிக் கண்ணை மூடிக்கொண்டு நடப்பதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிலுவைப் போர் காலத்தில் ஜெருசலேமில் யாத்ரீகர்களுக்கு மருத்துவமனை நடத்திய ஒரு துறவற அமைப்பு, போகப் போகப் போர்ப்படையாகவும் மாறியது. அதுதான் புனித யோவான் சபை. ஐரோப்பாவின் பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகள் அதில் நைட்டுகளாகச் சேர்ந்தார்கள். புனித பூமியை இழந்தபின் ரோட்ஸ் தீவில் இருந்தார்கள். ஆட்டமன் சுல்தான் சுலைமான் 1522-ல் அங்கிருந்தும் அவர்களை விரட்டினார். ஊரில்லாமல் அலைந்தவர்களுக்கு 1530-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மால்டாவைக் கொடுத்தார். ஆண்டு வாடகை ஒரே ஒரு வல்லூறு.

1565-ல் சுலைமான் மறுபடி படை அனுப்பினார். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் என்று கணக்கு. எதிரே சில நூறு நைட்டுகளும் சில ஆயிரம் மால்டாக்காரர்களும். நீங்கள் கப்பலில் நுழையும்போது பார்த்த செயின்ட் எல்மோ கோட்டை ஏறக்குறைய ஒரு மாதம் தாக்குப்பிடித்து, ஜூன் 23 அன்று விழுந்தது. ஆனால் எதிர்க்கரையில் இருந்த பிர்குவும் செங்லியாவும் கோடை முழுவதும் விழவில்லை. சிசிலியிலிருந்து உதவிப்படை வந்து சேர, செப்டம்பர் 8-ல் முற்றுகை முடிந்தது. இன்றும் அந்த நாள் மால்டாவில் தேசிய விடுமுறை.

அப்போது வல்லெட்டா என்ற ஊரே கிடையாது. வெறும் மொட்டைப் பாறை. அந்த மேட்டை எதிரி பிடித்துப் பீரங்கி வைத்ததால்தான் இவ்வளவு பாடு என்று உணர்ந்து, அதன் மேலேயே கோட்டை நகரம் எழுப்ப முடிவு செய்தார்கள். 1566 மார்ச் 28 அன்று அடிக்கல். கிராண்ட் மாஸ்டர் ழான் டி லா வலெட்டின் பெயரே ஊருக்கு. போப் அனுப்பிய பொறியாளர் பிரான்செஸ்கோ லபரெல்லி திட்டம் போட்டார், மால்டாக்காரரான ஜிரோலமோ கசார் கட்டி முடித்தார். தெருக்களெல்லாம் நேர்க்கோட்டில் குறுக்கும் நெடுக்குமாகப் போவதைக் கவனியுங்கள். ஒரு தெருமுனையில் நின்றால் இரு கோடியிலும் கடல் தெரியும், காற்றும் அப்படியே உள்ளே வரும். முன்பே வரைந்து வைத்துக் கட்டிய நகரம் இது.

1798-ல் நெப்போலியன் வந்ததும் நைட்டுகள் ஆட்சி முடிந்தது. அப்புறம் பிரிட்டிஷார். 1964-ல் சுதந்திரம்.

அவர்கள் நல்லவர்களா?

பள்ளிப் பிள்ளைகளோடு வருகிறவர்களிடம் இந்தக் கேள்வி நிச்சயம் வரும், நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஊரின் கடலோர முனையில் இருக்கும் சக்ரா இன்ஃபெர்மேரியா அவர்கள் கட்டிய மருத்துவமனை. அதன் பெரிய வார்டு 155 மீட்டர் நீளம். நோயாளிகளுக்கு வெள்ளிப் பாத்திரத்தில் உணவு கொடுத்தார்கள், நைட்டுகளே முறைவைத்துப் பரிமாறினார்கள். அதே நைட்டுகள்தான் கடலில் முஸ்லிம் கப்பல்களைக் கொள்ளையடித்து, பிடிபட்டவர்களை அடிமைகளாக்கித் துடுப்பில் கட்டினார்கள். மதில்களிலும் அடிமைகளின் உழைப்பு இருக்கிறது. கரையில் கிடங்கு வரிசை கட்டிய அதே பின்டோ காலத்தில்தான், 1749-ல், அடிமைகள் சேர்ந்து அவரைக் கொல்லத் திட்டமிட்டு, முன்கூட்டியே பிடிபட்டு, கொடூரமாகத் தண்டிக்கப்பட்டார்கள். மதிலின் அழகை ரசிக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு ரசிப்பதுதான் முறை. வழிகாட்டிகள் பலர் இதைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள்.

புனித யோவான் பேராலயத்துக்கு ஒன்றரை மணி நேரமா? அப்படி என்ன இருக்கிறது?

வெளியே நின்று பார்த்தால் உங்களுக்கும் இதே சந்தேகம் வரும். கசார் 1570-களில் கட்டியது, கோட்டைச் சுவர் மாதிரி வெறுமையான முகப்பு. உள்ளே போனதும் ஒரு அங்குலம்கூட வெறுமையாக இருக்காது.

முதலில் தரையைப் பாருங்கள். ஏறக்குறைய நானூறு நைட்டுகளின் கல்லறைக் கற்கள், பல நிறப் பளிங்கைத் துண்டு துண்டாக வெட்டிப் பொருத்தியவை. ஒவ்வொன்றிலும் குடும்பச் சின்னம், லத்தீன் வரிகள், எலும்புக்கூடுகள். ஒரு கல்லில் எலும்புக்கூடு அரிவாள் பிடித்து நிற்கும், இன்னொன்றில் மணல் கடிகாரம், வேறொன்றில் இறக்கை முளைத்த மண்டையோடு. இன்று நான், நாளை நீ என்று போகிறவர்களுக்குச் சொல்வதற்காகவே செய்தவை. மேலே பார்த்துக்கொண்டே நடப்பவர்கள் இதை மிதித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கற்கள் தேயாமலிருக்கத்தான் கூர்ங்குதிச் செருப்புக்கு உள்ளே அனுமதி இல்லை.

அப்புறம் கூரை. மத்தியா ப்ரெட்டி 1660-களில் பல ஆண்டுகள் சாரத்தில் ஏறி, கல்லின் மீதே எண்ணெய் வண்ணத்தில், இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவானின் வாழ்க்கையை வரைந்தார். இருபுறமும் உள்ள சிற்றாலயங்கள் ஒவ்வொன்றும் ஒரு மொழிப் பிரிவுக்குச் சொந்தம். நைட்டுகள் பிரான்ஸ், இத்தாலி, அராகன், காஸ்டைல், ஜெர்மனி என்று தாய்நாட்டு வாரியாகப் பிரிந்திருந்தார்கள். எங்கள் சிற்றாலயம்தான் சிறந்தது என்று ஒருவருக்கொருவர் போட்டி போட்டுச் செலவழித்திருப்பது பார்த்தாலே தெரியும்.

கடைசியாகப் பக்கவாட்டில் இருக்கும் ஜெப மண்டபம். அங்கேதான் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் ‘யோவானின் சிரச்சேதம்’ இருக்கிறது. ஐந்து மீட்டருக்கு மேல் அகலம், அவர் வரைந்ததிலேயே பெரியது. ரோமில் ஒருவனைக் கொன்றுவிட்டுத் தலைக்கு விலை வைக்கப்பட்ட நிலையில் 1607-ல் மால்டாவுக்கு ஓடிவந்தவர் அவர். மறு ஆண்டு இந்தப் படத்தை இதே மண்டபத்துக்காக வரைந்தார், நைட்டாகவும் ஆக்கப்பட்டார். சில மாதங்களில் ஒரு சண்டையில் மாட்டிச் செயின்ட் ஏஞ்சலோ கோட்டையில் அடைபட்டார். அங்கிருந்து தப்பினார். அவரைச் சபையிலிருந்து நீக்கும் சடங்கு இதே மண்டபத்தில், இதே படத்தின் முன்னால் நடந்தது.

படத்தின் முன் பத்து நிமிடமாவது நில்லுங்கள். சிறைச்சாலை முற்றம். கொலையாளி வாளால் வெட்டிவிட்டான், வேலை முழுதாக முடியவில்லை, முதுகுப்பக்கம் செருகிய கத்தியை உருவக் கை பின்னால் போகிறது. ஒரு பெண் தட்டை நீட்டிக் குனிகிறாள். ஒரு கிழவி மட்டும் தலையைப் பிடித்துக்கொண்டு பதறுகிறாள். வலப்பக்கம் பாதிப் படம் வெறும் சுவர், அதில் ஒரு கம்பி ஜன்னல், அதன் வழியாக இரண்டு கைதிகள் எட்டிப் பார்க்கிறார்கள். யோவானின் கழுத்திலிருந்து தரையில் வழிந்த ரத்தத்தைக் கூர்ந்து பாருங்கள். அந்த ரத்தத்தாலேயே ஓவியர் தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்ட ஒரே படம் இதுதான்.

நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்குச் சுமார் 15 யூரோ, ஒலி வழிகாட்டி அதில் சேர்த்தி. காலை ஒன்பதுக்குத் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். தோள், முழங்கால் மூடிய உடை வேண்டும்.

மதியப் பீரங்கி எங்கே, எப்போது?

அப்பர் பராக்கா தோட்டத்தின் கீழ்த்தளத்தில், தினமும் பகல் 12 மணிக்கும் மாலை 4 மணிக்கும். மேலே தோட்டத்தின் வளைவுகளில் நின்று இலவசமாகப் பார்க்கலாம், ஆனால் 11:40-க்கே இடம் பிடித்துவிட வேண்டும். சத்தம் பலமாக இருக்கும், கைக்குழந்தையோடு வருபவர்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள். பழைய காலத்தில் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்காரர்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ள இப்படிச் சுடுவார்கள்.

எதிர்க்கரைக்குப் போவது அவசியமா?

அவசியம். முற்றுகையில் தாக்குப்பிடித்த பிர்குவும் செங்லியாவும் அங்கேதான், கூடவே போர்ம்லாவும். வல்லெட்டாவில் கூட்டம் நெரியும்போது அங்கே சந்துகள் அமைதியாக இருக்கும், பால்கனியில் துணி காயும், பாட்டிகள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நைட்டுகள் மால்டாவில் முதலில் குடியேறியது பிர்குவில்தான்.

பீரங்கி முடிந்ததும் லிஃப்ட்டில் இறங்கினால் அருகிலேயே படகுத்துறை. பயணிகள் படகு போர்ம்லாவுக்குப் போகும், பத்து நிமிடம்கூட ஆகாது. அதைவிட எனக்குப் பிடித்தது டைசா. இரு முனையும் உயர்ந்த, வண்ணம் தீட்டிய சின்ன மரப்படகு. இப்போது மோட்டார் வைத்திருக்கிறார்கள். தலைக்குச் சில யூரோதான், ஏறும் முன் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து மதில்களை அண்ணாந்து பார்க்கும்போதுதான், தாக்க வந்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்பது புரியும்.

நேரம் அரை மணி மட்டுமே இருந்தால் செங்லியா முனையில் இருக்கும் கார்டியோலா காவல்கூண்டுக்குப் போங்கள். கல்லில் ஒரு கண்ணையும் ஒரு காதையும் செதுக்கியிருப்பார்கள், காவலுக்கு அடையாளமாக. முழு வல்லெட்டாவும் எதிரே விரியும். ஒரு மணிக்கு மேல் இருந்தால் பிர்குவின் சந்துகளில் நடங்கள்.

இரண்டாம் உலகப் போர்ச் சின்னங்கள் ஏதாவது பார்க்கலாமா?

தேடிப் போக வேண்டியதில்லை. ஊர் வாசலில், நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் தூண்கள் மட்டும் நிற்கும் திறந்தவெளி அரங்கு, 1942 ஏப்ரலில் குண்டு விழுந்து நொறுங்கிய ஓபரா மாளிகை. அதைப் பழையபடி கட்டாமல் சிதைவை அப்படியே அரங்கமாக்கினார் கட்டடக்கலைஞர் ரென்சோ பியானோ. உள்ளூரில் இதற்கு எதிர்ப்பு நிறைய இருந்தது. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

1942-ல் தீவு பட்டினியின் விளிம்பில் இருந்தது. ஆகஸ்டில் புறப்பட்ட 14 சரக்குக் கப்பல்களில் ஐந்துதான் வந்து சேர்ந்தன. கடைசியாக ஆகஸ்ட் 15 அன்று எண்ணெய்க் கப்பல் ஓஹையோ, பாதி மூழ்கிய நிலையில், போர்க்கப்பல்களோடு கட்டி இழுக்கப்பட்டு உங்கள் கப்பல் வந்த அதே வாய் வழியாக நுழைந்தது. தீவு முழுவதற்கும் சேர்த்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் வழங்கிய ஜார்ஜ் சிலுவை அந்நாட்டுக் கொடியின் மூலையில் இருக்கிறது. அசல் பதக்கம் செயின்ட் எல்மோ கோட்டையில் உள்ள போர் அருங்காட்சியகத்தில்.

இந்தியாவுக்கும் மால்டாவுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. ரஷ்ய, துருக்கிப் போர் நெருக்கடியில் 1878-ல் பிரிட்டன் இந்தியாவிலிருந்து ஏறக்குறைய ஏழாயிரம் வீரர்களை மால்டாவில் கொண்டுவந்து இறக்கியது. மதராஸ் சாப்பர்ஸ் படையினரும் அதில் இருந்தார்கள். போருக்குத் தேவைப்படாமல் சில வாரங்களில் கிளம்பிவிட்டார்கள். அதே நூற்றாண்டின் கடைசியில் சிந்தி வணிகர்கள் வந்து வல்லெட்டாவில் பட்டும் கலைப்பொருளும் விற்கக் கடை போட்டார்கள். அவர்களின் வழிவந்த குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும்?

பாஸ்டிட்ஸி. மடிப்பு மடிப்பாக மொறுமொறுவென்ற மாவுக்குள் ரிக்கோட்டா பாலாடைக்கட்டி ஒரு வகை, மசித்த பட்டாணி இன்னொரு வகை. விலை மிகக் குறைவு, சூடாகத் தின்ன வேண்டும். பட்டாணி வகையில் லேசாக மசாலா வாசம் இருக்கும், நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். ஆனால் கண்டிப்பான சைவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சில கடைகளில் மாவுக்குப் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள், ரிக்கோட்டா பூரணத்தில் முட்டையும் இருக்கலாம். பேரீச்சம்பழப் பூரணம் வைத்துப் பொரித்த இம்ஆரெட் ஊர் வாசல் பக்கம் கிடைக்கும், மணமே இழுத்துக்கொண்டு போகும். மொச்சை மாதிரியான பயற்றை மசித்துச் செய்யும் பிகில்லாவை ரொட்டியில் தடவிச் சாப்பிடலாம். குடிக்கக் கின்னி என்று கசப்பு ஆரஞ்சுச் சோடா.

அசைவக்காரர்களுக்கு முயல் குழம்புதான் நாட்டு உணவு. அதை அவசரமாகச் சாப்பிட முடியாது, அரை நாளில் விட்டுவிடலாம்.

அம்மாவுக்கு முட்டி வலி, நடக்க முடியுமா?

லிஃப்ட் ஏறிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ரிபப்ளிக் தெருவும் மெர்ச்சன்ட்ஸ் தெருவும் மேட்டின் முதுகில் போகின்றன, ஊரின் நடுப்பகுதியில் பெரிதாக ஏற்ற இறக்கம் இல்லை. தோட்டம், பேராலயம், அரண்மனைச் சதுக்கம் எல்லாம் அந்த வழியிலேயே. குறுக்குத் தெருக்கள்தான் செங்குத்து, பல இடங்களில் படிக்கட்டு. படத்தில் பார்த்த அழகான படித் தெருக்களை மேலே நின்றே பார்த்துவிடுங்கள். கற்கள் தேய்ந்து வழவழப்பாக இருக்கும், மழை பெய்தால் வழுக்கும். ரப்பர் அடிச் செருப்பு கட்டாயம். சக்கர நாற்காலியோடும் இந்த நடுத்தெரு வழியை முடிக்கலாம்.

குதிரை வண்டி?

முனையத்தின் வாசலிலேயே அழைப்பார்கள். கோடை வெயிலில் அந்தக் குதிரைகள் நிற்பதைப் பார்த்தால் ஏற மனம் வராது. ஏற வேண்டாம் என்றே சொல்வேன்.

ஜூலை, ஆகஸ்டில் வெயில் எப்படி?

கடுமை. சுண்ணாம்புக் கல்லில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசும். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தண்ணீர் பாட்டில். ஏப்ரல், மே, அக்டோபர் அருமையான மாதங்கள்.

கப்பல் ஞாயிற்றுக்கிழமை வந்தால்?

அன்று பேராலயத்தில் பூசை மட்டும்தான், சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். வருத்தமான விஷயம், ஆனால் மாற்று உண்டு. கிராண்ட் மாஸ்டர் அரண்மனை நீண்ட சீரமைப்புக்குப்பின் 2024-ல் திறந்திருக்கிறது, அதன் ஆயுதசாலையில் நைட்டுகளின் கவசங்களை வரிசையாகப் பார்க்கலாம். இல்லையென்றால் மார்சஷ்லொக் மீனவர் கிராமம். ஞாயிறு அன்றுதான் அங்கே பெரிய மீன் சந்தை. முகப்பில் இரண்டு கண்கள் தீட்டிய லுட்சு படகுகள் வரிசையாக ஆடிக்கொண்டிருக்கும். டாக்சியில் போய் வந்தால் நேரம் போதும்.

எம்தினா, நிலத்தடிக் கல்லறை, அந்தக் கடல் வளைவு எல்லாம்?

எம்தினா பழைய தலைநகர், பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. அழகான ஊர். கப்பல் மாலை ஆறு வரை நின்றால் போகலாம், மதியம் கிளம்பினால் வேண்டாம்.

ஹால் சஃப்லீனி ஹைப்போஜியம், ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் பாறைக்குள் குடைந்த கல்லறைக் கோயில். உள்ளே மூச்சுக்காற்றின் ஈரம் ஓவியங்களைக் கெடுக்கும் என்பதால் ஒரு தடவைக்குப் பத்துப் பேர்தான். பெரும்பாலும் மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தால்தான் இடம். இடம் கிடைத்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கே போங்கள், இதை மட்டும் என் முதல் பதிலுக்கு விதிவிலக்காக வைத்துக்கொள்ளுங்கள். முனையத்திலிருந்து டாக்சியில் அருகில்தான்.

நீல ஜன்னல் என்ற கடல் வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது. பழைய படங்களை நம்பி இன்னும் கேட்கிறார்கள். அது இருந்ததும் கோசோ தீவில், அரை நாளில் போய் வரும் தூரமில்லை.

போன், பணம்?

யூரோ. கார்டு எங்கும் செல்லும், படகுக்கும் பாஸ்டிட்ஸிக்கும் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். போனைக் கப்பலில் இருக்கும்போது விமான நிலையில் போட்டுவிடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் வலைப்பின்னலில் தானாக இணைந்துவிட்டால் பில் எகிறும். கரையில் ஐரோப்பிய இ-சிம் நன்றாக வேலை செய்யும்.

என்ன வாங்கலாம்?

எட்டு முனைச் சிலுவை வடிவில் வெள்ளிக் கம்பி வேலைப்பாடு நகைகள், கையால் பின்னிய லேஸ், கோசோவின் கடல் உப்பு. லேஸ் வாங்கும்போது கையால் பின்னியதா, இயந்திரத்தில் செய்ததா என்று கேளுங்கள், விலை வித்தியாசம் பெரிது. கப்பலில் திரும்ப ஏறும்போது பைகளை ஸ்கேன் செய்வார்கள். மது பாட்டில் இருந்தால் பெரும்பாலான கப்பல்களில் வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாள் இரவுதான் அறைக்கு அனுப்புவார்கள், ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.